கர்ப்பப்பை வாய் எப்படி "பழுக்குது"? வலிக்கு முன்னாடியே ஹார்மோன்கள் செய்யற வேலை

என் அக்காவுக்கு 40 வாரம் முடிஞ்ச அன்னைக்கு செக்கப்புக்குத் துணையா நான்தான் போயிருந்தேன். டாக்டர் உள்ள கை வச்சுப் பாத்துட்டு, "வாய் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, பழுக்கவே ஆரம்பிக்கல, ரெண்டு நாள் பாத்துட்டு ஜெல் வச்சிடலாம்"னு சொல்லிட்டு அடுத்த பேஷண்டைப் பாக்கப் போயிட்டாங்க. வெளிய வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "நான் சரியா நடக்கலையோ, ரொம்பப் படுத்தே கெடந்துட்டேனோ, அதனாலதான் திறக்கலையோ?" கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு அப்ப பதில் தெரியல, சும்மா கையைப் புடிச்சுட்டு நின்னேன். அதுக்கப்புறம் இதைப் பத்தி உக்காந்து படிச்சு, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுப் புரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். அன்னைக்கு அக்காகிட்ட சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: செர்விக்ஸ் திறக்கறது நீங்க முயற்சி பண்ணி நடக்கற விஷயம் இல்ல, அது பல மாசமா ஹார்மோன்கள் சேந்து செய்யற வேலை, அதுல உங்க தப்புன்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

முதல்ல செர்விக்ஸ்னா என்னன்னு பாப்போம். கர்ப்பப்பையைத் தலைகீழா வச்ச ஒரு பேரிக்காய்னு நெனச்சுக்கோங்க, அதோட குறுகலான கீழ்ப்பக்கம்தான் கர்ப்பப்பை வாய், செர்விக்ஸ். சாதாரணமா 3-லருந்து 4 சென்டிமீட்டர் நீளம், நடுவுல ஒரு மெல்லிய வழி. மேல இருக்கற கர்ப்பப்பை முழுக்க தசை, சுருங்கி விரியற வேலை அதோடது. ஆனா செர்விக்ஸ்ல தசை கம்மி, பெரும்பாலும் கொலாஜன்ங்கற நார்தான். தசைநாண், தோல் இதெல்லாம் உறுதியா இருக்கறதுக்குக் காரணமான அதே கொலாஜன். கயிறு திரிச்ச மாதிரி இழை இழையா, ஒண்ணோட ஒண்ணு குறுக்குப் பிணைப்பு போட்டு நெருக்கமா கட்டியிருக்கும்.

ஏன் இவ்வளவு உறுதி வேணும்னா, கடைசி மாசத்துல 3 கிலோ குழந்தை, அரை கிலோ நஞ்சுக்கொடி, முக்கால் லிட்டர் பனிக்குட நீர், இவ்வளவும் அதுக்கு மேலதான் இருக்கு. நீங்க நிக்கறீங்க, இருமறீங்க, படி ஏறறீங்க, அது அசையாம மூடியே இருக்கணும். அப்புறம் அதே செர்விக்ஸ் சில மணி நேரத்துல 10 சென்டிமீட்டர் வரைக்கும் விரிஞ்சு குழந்தையோட தலைக்கு வழி விடணும். இறுக்கமா கட்டின நார் திடீர்னு அப்படி விரியாது, விரிஞ்சா கிழியும். அதனால விரியறதுக்கு முன்னாடியே நாரோட தன்மையே மாறணும், அந்த மாற்றத்தைத்தான் டாக்டர்கள் பழுக்கறதுன்னு சொல்றாங்க. நல்ல வார்த்தைதான் அது. காய் கனியாகும்போது வெளிய இருந்து யாரும் அமுக்கறதில்ல, உள்ளயே ஒவ்வொண்ணா மாறுது, தொட்டா தெரியுது.

தொட்டுப் பாக்கறதுன்னு சொன்னேன்ல, இதை நீங்களே இப்ப செஞ்சு பாக்கலாம். உங்க மூக்கு நுனியை விரலால அமுக்கிப் பாருங்க, கொஞ்சம் கெட்டியா, எதிர்த்து நிக்கும். கர்ப்பம் இல்லாதப்ப செர்விக்ஸ் கைக்கு அப்படித்தான் படும். இப்ப உதட்டைத் தொட்டுப் பாருங்க. கர்ப்பமான கொஞ்ச வாரத்துலயே செர்விக்ஸ் அந்த மாதிரி மெத்துன்னு ஆக ஆரம்பிச்சிடும். மருத்துவ மாணவர்களுக்கு ரொம்ப காலமா சொல்லிக் கொடுக்கற உவமை இது, ஸ்கேன் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி கர்ப்பம்னு கண்டுபிடிக்கவே இந்த மென்மையைத்தான் பாத்திருக்காங்க. அப்படின்னா பிரசவத்துக்கான தயாரிப்பு கடைசி வாரத்துல தொடங்கறதில்ல, முதல் ரெண்டு மூணு மாசத்துலயே தொடங்கிடுது. ஆனா மென்மையாகறது வேற, திறக்கறது வேற. மென்மையாகிட்டே வந்தாலும் நீளம் குறையாம, வாய் மூடியே, உறுதியாத்தான் இருக்கும். மாசக்கணக்கா மெதுவா மென்மையாகும், கடைசி சில வாரத்துல வேகமா பழுக்கும், அப்புறம் வலியோட சேந்து விரியும், பிறந்ததுக்கப்புறம் திரும்ப தன்னைச் சரி பண்ணிக்கும். இந்த நாலு கட்டத்துலயும் ஹார்மோன்களோட கை இருக்கு.

இதுல முதல்ல சொல்ல வேண்டியது புரொஜெஸ்டிரான். இவங்கதான் காவல். பேரே "கர்ப்பத்துக்கு ஆதரவானது"ங்கற அர்த்தத்துல வச்சதுதான். 1929-ல ஜார்ஜ் கார்னர், வில்லர்ட் ஆலன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் முயல்ல இதைக் காட்டினாங்க: சினைப்பையை எடுத்துட்டா கர்ப்பம் நிக்கல, சினைப்பையில முட்டை வெளியான இடத்துல உருவாகற கார்பஸ் லூட்டியம்ங்கற சின்னச் சுரப்பியிலருந்து எடுத்த சாறைக் கொடுத்தா நின்னுச்சு. மனுஷங்களுக்கும் ஆரம்பத்துல கார்பஸ் லூட்டியம்தான் இதைச் சுரக்கும், 7-லருந்து 9 வாரத்துக்குள்ள அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடி எடுத்துக்கும். புரொஜெஸ்டிரான் கர்ப்பப்பைத் தசையை அமைதியா வைக்குதுன்னு பலருக்குத் தெரியும். செர்விக்ஸ்லயும் அதுக்கு வேலை இருக்கு. அங்க வீக்கத்தைக் கிளப்பற செல்கள் வராம பாத்துக்குது, கொலாஜனை வெட்டற என்சைம்களை அடக்கி வைக்குது, புரோஸ்டாகிளாண்டினை அழிக்கற என்சைமைத் தூக்கி நிறுத்தி வைக்குது. அந்தப் புரோஸ்டாகிளாண்டினைப் பத்தி கீழ விரிவா வரும்.

சரி, அப்ப பிரசவத்துக்கு முன்னாடி புரொஜெஸ்டிரான் குறைஞ்சா வாய் திறந்துடும், அவ்வளவுதானேன்னு தோணும். செம்மறி ஆட்டுல அப்படித்தான் நடக்குது, எலியிலயும் அப்படித்தான். நியூசிலாந்துல கிரஹாம் லிகின்ஸ்னு ஒரு டாக்டர் 1960கள்ல ஆட்டுக்குட்டி வயித்துக்குள்ள இருக்கும்போதே ஆராய்ச்சி பண்ணி, குட்டியோட அட்ரினல் சுரப்பியிலருந்து வர்ற கார்டிசால்தான் பிரசவத்தைத் தொடங்கி வைக்குதுன்னு காட்டினார், அந்தக் கார்டிசால் நஞ்சுக்கொடியில புரொஜெஸ்டிரானை ஈஸ்ட்ரோஜன் பக்கம் திருப்பி விடுது, அதனால ரத்தத்துல புரொஜெஸ்டிரான் விழுது. ஆனா மனுஷங்களுக்கு ரத்தத்துல எடுத்துப் பாத்தா பிரசவ வலி வந்தப்புறமும் புரொஜெஸ்டிரான் அளவு உயரமாத்தான் இருக்கு, நஞ்சுக்கொடி வெளிய வந்தப்புறம்தான் சடார்னு இறங்குது. காவல்காரர் வாசல்ல நிக்கறார், ஆனாலும் கதவு திறக்குது. இந்த இடம்தான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது.

எப்படின்னா, ஹார்மோன் இருந்தா மட்டும் போதாது, அதைக் கேக்கறதுக்கு செல்லுல ரிசப்டர்னு ஒரு காது வேணும். புரொஜெஸ்டிரானுக்கு 'ஏ', 'பி'ன்னு ரெண்டு வகை ரிசப்டர் இருக்கு. பி வகை ஹார்மோன் சொல்றதை அப்படியே நிறைவேத்தும், ஏ வகை பல இடத்துல அதை மறிச்சு மட்டுப்படுத்தும். கர்ப்பம் முடியற நேரத்துல ஏ வகையோட கை ஓங்குது. சொல்றவர் அதே சத்தத்துலதான் சொல்லிட்டு இருக்கார், கேக்கற காது மாறிடுச்சு. இன்னொண்ணு, செர்விக்ஸோட உள் சவ்வுலயே ஒரு என்சைம் இருக்கு, அது கர்ப்ப காலம் முழுக்க அந்த இடத்துல புரொஜெஸ்டிரானைக் காப்பாத்தி வைக்கும், ஈஸ்ட்ரோஜனை வலு குறைஞ்ச வடிவமா மாத்தி வைக்கும். பிரசவம் நெருங்கும்போது அந்த என்சைம் குறைஞ்சிடுது. ரத்தத்துல நிறைய இருந்தாலும் வேலை நடக்கற இடத்துல தராசு சாயுது. புரொஜெஸ்டிரான் "செயல் அளவுல விலகுது"ன்னு இதைச் சொல்லுவாங்க.

இது வெறும் தியரி இல்ல, ரெண்டு பக்கத்துலருந்தும் நிரூபணம் இருக்கு. மிஃபிப்ரிஸ்டோன்னு ஒரு மருந்து, 1980-ல பிரான்ஸ்ல உருவானது, அது புரொஜெஸ்டிரான் ரிசப்டர்ல போய் உக்காந்து ஹார்மோனை உள்ள விடாம அடைச்சுக்கும். அதைக் கொடுத்தா எந்த மாசமா இருந்தாலும் செர்விக்ஸ் மென்மையாகி விட்டுக் கொடுக்க ஆரம்பிக்குது. எதிர்ப்பக்கம் பாத்தா, கர்ப்பத்தோட நடுக் காலத்துல, 18-லருந்து 24 வாரத்துக்குள்ள உள்வழி ஸ்கேன்ல செர்விக்ஸ் நீளம் 25 மில்லிமீட்டருக்கும் கீழ குறைஞ்சிருந்தா குறைமாசப் பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம், அவங்கள்ல பலருக்கு உள்ள வைக்கற புரொஜெஸ்டிரான் மாத்திரை கொடுக்கறாங்க, அது அந்த ஆபத்தைக் குறைக்குது. சிலருக்கு செர்விக்ஸ் தாங்கற வலுவே இல்லாம வலியில்லாமலே முன்கூட்டித் திறந்துடும், அவங்களுக்கு செர்விக்ஸைச் சுத்தித் தையல் போட்டு இறுக்குவாங்க, வி. என். ஷிரோட்கர்ங்கற இந்திய டாக்டர் 1955-ல வெளியிட்ட முறை அது, இன்னைக்கும் அவர் பேராலதான் உலகம் முழுக்க சொல்றாங்க.

அடுத்தது ஈஸ்ட்ரோஜன். இதுல நெஞ்சைத் தொடற ஒரு விஷயம் இருக்கு. கர்ப்பத்துல நிறைய உருவாகற ஈஸ்ட்ரியால்ங்கற ஈஸ்ட்ரோஜனை அம்மா தனியா செய்ய முடியாது, குழந்தை மூலப்பொருள் கொடுத்தாத்தான் உண்டு. குழந்தையோட அட்ரினல் சுரப்பி ஒரு முன்பொருளைச் செய்யுது, குழந்தையோட கல்லீரல் அதைக் கொஞ்சம் மாத்திக் கொடுக்குது, நஞ்சுக்கொடி அதை வாங்கி ஈஸ்ட்ரியாலா மாத்தி அம்மாவோட ரத்தத்துல விடுது. குழந்தை வளர வளர அதோட அட்ரினலும் வளருது, ஈஸ்ட்ரோஜனும் ஏறுது. அம்மாவோட வாசல் தயாராகறதுல உள்ள இருக்கற பிள்ளையோட கையும் இருக்குங்கறதுதான் இதோட அர்த்தம். சில நஞ்சுக்கொடிகள்ல சல்ஃபடேஸ்ங்கற ஒரே ஒரு என்சைம் பிறவியிலேயே இல்லாம இருக்கும், அந்தக் கர்ப்பங்கள்ல ஈஸ்ட்ரியால் ரொம்பக் குறைவா இருக்கும், நாள் தள்ளிப் போறதும் செர்விக்ஸ் சரியா பழுக்காம இழுக்கறதும் அதுல நடக்கறதுண்டு. ஈஸ்ட்ரோஜன் நேரடியா கதவைத் திறக்கறதை விட, புரோஸ்டாகிளாண்டின் உருவாகறதைக் கூட்டறது, கர்ப்பப்பைத் தசையில ஆக்சிடோசின் ரிசப்டர்களை ஏத்தறது, தசை செல்கள் ஒண்ணா சேந்து சுருங்க நடுவுல இணைப்பு போடறதுன்னு ஏற்பாட்டு வேலை எல்லாத்தையும் செய்யுது.

நஞ்சுக்கொடி சிஆர்எச் (கார்டிகோட்ரோபின் ரிலீசிங் ஹார்மோன்)னு இன்னொரு ஹார்மோனையும் சுரக்குது. மூளையில சுரக்கற சிஆர்எச் கார்டிசால் கூடினா அடங்கிடும், நஞ்சுக்கொடியில நேர்மாறு, கார்டிசால் கூடக் கூட இதுவும் கூடும். இதோட அளவு எவ்வளவு வேகமா ஏறுதுங்கறதுக்கும் பிரசவம் எப்ப வருதுங்கறதுக்கும் தொடர்பு இருக்குன்னு 1995-ல வந்த ஒரு ஆய்வு காட்டினதுலருந்து இதை "நஞ்சுக்கொடிக் கடிகாரம்"னு சொல்றாங்க.

ரிலாக்சின் பத்தியும் ஒரு வார்த்தை. பேரைக் கேட்டா எல்லாத்தையும் இதுதான் தளர்த்தும் போலன்னு தோணும், பல வீடியோவுலயும் அப்படித்தான் பேசறாங்க. 1926-ல ஃபிரெடரிக் ஹிசா கினி பன்னியில இடுப்பெலும்பை இணைக்கற நார் இதனால தளர்றதைக் கண்டுபிடிச்சார். எலியிலயும் பன்னியிலயும் பிரசவம் நெருங்கும்போது இது ரொம்ப ஏறும், செர்விக்ஸை மென்மையாக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. மனுஷங்களுக்கு இது உச்சத்துல இருக்கறதே முதல் மூணு மாசத்துல. அதனால ஆரம்ப கால மென்மைக்கு உதவுதுன்னு சொல்லலாம், ஆனா பழுக்க வைக்கற மருந்தா கொடுத்துப் பாத்த சோதனைகள்ல எதிர்பார்த்த பலன் வரல.

இப்ப புரோஸ்டாகிளாண்டினுக்கு வருவோம், நெஜமான பழுக்க வைக்கற வேலை இங்கதான் நடக்குது. 1935-ல ஸ்வீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர் விந்துல இருந்த இந்தப் பொருளுக்கு, புராஸ்டேட் சுரப்பியிலருந்து வருதுன்னு நெனச்சு இந்தப் பேரை வச்சார், அப்புறம் பாத்தா உடம்புல கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் இது உருவாகுது. இது மத்த ஹார்மோன் மாதிரி ஒரு சுரப்பியில கெளம்பி ரத்தத்துல ஊரைச் சுத்தி வர்றதில்ல. எங்க தேவையோ அங்கயே உருவாகி அங்கயே வேலை செஞ்சு அங்கயே அழியுது. ரத்தத்துக்குள்ள போனா நுரையீரல் ஒரே சுத்துல பெரும்பகுதியை அழிச்சிடும். அதனாலதான் இதை மருந்தா கொடுக்கும்போது கையில ஊசியா போடாம செர்விக்ஸ் பக்கத்துலயே ஜெல்லா வைக்கறாங்க.

இது என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். புரொஜெஸ்டிரானோட பிடி தளர்ந்ததும் அதை அழிக்கற என்சைம் குறையுது, உருவாக்கற என்சைம் கூடுது, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கறதால பிஜிஇ2-ங்கற புரோஸ்டாகிளாண்டின் செர்விக்ஸ்ல சேருது. அது அங்க இருக்கற சின்ன ரத்தக் குழாய்களை விரிக்குது, அதுலருந்து தண்ணி கசிஞ்சு திசுக்குள்ள வருது. இன்டர்லூகின்-8 மாதிரி சிக்னல்கள் வெள்ளை அணுக்களைக் கூப்பிடுது. நாருக்கு நடுவுல ஹையலூரானிக் ஆசிட் கூடுது, முகத்துக்குப் போடற சீரம்ல பேர் பாத்திருப்பீங்க, அதே பொருள்தான், தண்ணியை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கறதுல கெட்டி. இறுக்கித் திரிச்ச ஒரு கயிறை நல்லா ஊற வச்சு, புரியைக் கொஞ்சம் பிரிச்சு விட்டா என்ன ஆகும்? இழை எல்லாம் அங்கயேதான் இருக்கும், ஆனா ஒண்ணை ஒண்ணு விட்டு விலகி, இழுத்தா வழுக்கிக் கொடுக்கும். செர்விக்ஸ்லயும் கொலாஜன் மொத்தமா கரைஞ்சு காணாம போறதில்ல, குறுக்குப் பிணைப்பு குறைஞ்சு, அடுக்கு கலைஞ்சு, நடுவுல தண்ணி புகுந்து தளர்ந்து போகுது. வெட்டற என்சைம்களும் தன் பங்குக்கு வேலை செய்யும். பாத்தா கிருமி இல்லாமலே வர்ற ஒரு வீக்கம் மாதிரி இருக்கும், ஆனா அளவோட, நேரத்தோட நடக்கற வீக்கம். கிருமித் தொற்று வந்தாலும் இதே பாதை தட்டிவிடப்படும், குறைமாசப் பிரசவம் சிலருக்கு வர்றதுக்கு அது ஒரு முக்கியமான காரணம், அதனால கர்ப்ப காலத்துல சிறுநீர்த் தொற்று, வெள்ளைப்படுதல்ல மாற்றம் இதையெல்லாம் சின்ன விஷயம்னு விடாம காட்டிடுங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்டா ஆஸ்பத்திரியில செய்யற பல விஷயம் தன்னால புரியும். டாக்டர் விரலால உள்ள இருக்கற பனிக்குடச் சவ்வை லேசா பிரிச்சு விடறதை ஸ்வீப்பிங்னு சொல்லுவாங்க, அந்தச் சவ்வு புரோஸ்டாகிளாண்டினோட கிடங்கு, பிரிச்சு விட்டா அது அங்க வெளிப்படும். டைனோப்ரோஸ்டோன்னு எழுதியிருக்கற ஜெல், நாடா மாதிரி உள்ள வைக்கறது எல்லாம் அதே பிஜிஇ2-தான். மிசோப்ரோஸ்டால் அதோட பக்கத்து வீட்டு வகை, முதல்ல வயித்துப்புண்ணுக்கு வந்த மாத்திரை, பிரசவத்துக்கு 25 மைக்ரோகிராம் மாதிரி ரொம்பச் சின்ன அளவுல கொடுப்பாங்க. முன்னாடி சிசேரியன் ஆனவங்களுக்கு இதைத் தவிர்க்கறாங்க, பழைய தையல் இருந்த இடத்துல கர்ப்பப்பை கிழியற ஆபத்து கூடும்ங்கறதால. அதனால பழைய ஆபரேஷன் பத்தி எங்க போனாலும் முதல்லயே சொல்லிடுங்க. ஃபோலி பலூன் வைக்கறதும் உண்டு, ஒரு மெல்லிய குழாயை உள்ள விட்டு நுனியில இருக்கற பலூன்ல தண்ணி நிரப்புவாங்க, அது அழுத்தத்தால விரிக்கறதோட செர்விக்ஸைத் தன் சொந்தப் புரோஸ்டாகிளாண்டினையும் வெளியிட வைக்குது. இப்யூப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாகறதையே தடுக்கற வகை, கர்ப்பத்தோட பின்பாதியில அது குழந்தையோட சிறுநீரகத்தையும் இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற ஒரு முக்கியமான ரத்தக் குழாயையும் பாதிக்கலாம், டாக்டர் சொல்லாம தொடவே கூடாது.

எல்லாரும் முதல்ல நெனைக்கற ஆக்சிடோசினை நான் கடைசியா வச்சதுக்குக் காரணம் இருக்கு, அது வர்றதே கடைசியிலதான். 1906-ல ஹென்றி டேல் பிட்யூட்டரி சுரப்பியோட பின்பகுதிச் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்குதுன்னு காட்டினார், 1953-ல வின்சென்ட் டு விக்னோ வெறும் 9 அமினோ அமிலம் கொண்ட அந்த ஹார்மோனை ஆய்வகத்துலயே செஞ்சு காட்டினார், 1955-ல அவருக்கு நோபல் பரிசு. இதோட முக்கிய வேலை மேல இருக்கற தசையைச் சுருங்க வைக்கறது, கீழ இருக்கற நாரைப் பழுக்க வைக்கறது இல்ல. குழந்தையோட தலை செர்விக்ஸை அழுத்தினா அந்தச் செய்தி நரம்பு வழியா மூளைக்குப் போயி இன்னும் ஆக்சிடோசின் வரும், அது சுருக்கும், தலை இன்னும் அழுத்தும், ஃபெர்குசன் ரிஃப்ளெக்ஸ்னு பேரு. ஆனா செர்விக்ஸ் கெட்டியா இருக்கும்போதே ட்ரிப்ஸ்ல ஆக்சிடோசினை ஏத்தினா, பூட்டின கதவை முட்டிக்கிட்டே இருக்கற மாதிரி வலி வரும், மணிக்கணக்கா வரும், திறப்பு வராது. தானா பழுக்காததைத் தடியால அடிச்சுப் பழுக்க வைக்க முடியுமான்னு சொல்லுவாங்கல்ல, இங்க அது எழுத்துக்கு எழுத்து பொருந்துது. அதனாலதான் முதல்ல ஜெல்லோ பலூனோ வச்சுப் பழுக்க வச்சுட்டு, அப்புறம் ட்ரிப்ஸ். "நேரா வலி ஊசி போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே, எதுக்கு ராத்திரி பூரா காக்க வைக்கறாங்க"ன்னு வெளிய நிக்கற நமக்குக் கோவம் வரும், எனக்கும் வந்துச்சு. அந்தக் காத்திருப்புதான் சிகிச்சையோட பாதி.

பழுத்திருக்கா இல்லையான்னு அளக்க ஒரு மார்க் முறை இருக்கு, எட்வர்ட் பிஷப்ங்கற டாக்டர் 1964-ல கொடுத்தது. எவ்வளவு திறந்திருக்கு, எவ்வளவு மெலிஞ்சு சுருங்கியிருக்கு, கெட்டியா மென்மையா, பின்னாடி பாத்து இருக்கா முன்னாடி வந்துடுச்சா, குழந்தையோட தலை எவ்வளவு இறங்கியிருக்கு, இந்த அஞ்சையும் விரலாலயே பாத்து மொத்தம் 13-க்கு மார்க் போடுவாங்க. 8-க்கு மேல போனா நல்லா தயாரா இருக்குன்னு அர்த்தம், 6-ம் அதுக்குக் கீழயும் இருந்தா முதல்ல பழுக்க வைக்கணும். டாக்டர்கிட்ட "என்னோட பிஷப் ஸ்கோர் எவ்வளவு"ன்னு தாராளமா கேளுங்க, "எத்தனை விரல் திறந்திருக்கு"ன்னு மட்டும் கேக்கறதை விட நெறைய விஷயம் அதுல இருக்கு. ஒரு விரல்கூட திறக்காம, ஆனா மென்மையா மெலிஞ்சு முன்னாடி வந்திருந்தா அதுவே பெரிய முன்னேற்றம். முதல் பிரசவத்துல பெரும்பாலும் முதல்ல மெலிஞ்சு அப்புறம் திறக்கும், அடுத்த பிரசவங்கள்ல ரெண்டும் சேந்தே நடக்கும், அதனால முதல் தடவை "இன்னும் திறக்கல"ன்னு கேக்கறது சகஜம். வலி வந்தப்புறமும் முதல் சில சென்டிமீட்டர் மெதுவாத்தான் போகும், உலக சுகாதார நிறுவனம் 2018-ல கொடுத்த வழிகாட்டியில 5 சென்டிமீட்டர்லருந்துதான் வேகமான கட்டம்னு வச்சிருக்காங்க.

அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். நடந்தா உடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது, ஆனா நடக்காததால செர்விக்ஸ் கெட்டியா நின்னுடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விந்துல புரோஸ்டாகிளாண்டின் இருக்கறது உண்மை, அதனால சேந்து இருந்தா வலி வந்துடும்னு உறுதியா சொல்ல முடியாது, செஞ்ச ஆய்வுகள்ல தெளிவான பலன் தெரியல. விளக்கெண்ணெய் குடிச்சா வயித்தைக் கலக்கி பேதியாகி உடம்புல தண்ணி வத்தும், நீங்களா குடிக்காதீங்க. 37 வாரத்துக்கு முன்னாடியே அடிவயிறு விட்டு விட்டு இறுகறது, ரத்தம் கலந்த சளி, தண்ணி கசியறது ஏதாவது இருந்தா காத்திருக்காம ஒடனே போயிடணும், அது செர்விக்ஸ் நேரத்துக்கு முன்னாடியே மாற ஆரம்பிச்சதோட அடையாளமா இருக்கலாம்.

அக்காவுக்கு ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் ஜெல் வச்சாங்க. ராத்திரி லேசான இறுக்கம்தான், விடிகாலையில திரும்பப் பாத்த டாக்டர், "இப்ப உதடு மாதிரி இருக்கு"ன்னாங்க, அதே வார்த்தை. அதுக்கப்புறம்தான் ட்ரிப்ஸ் போட்டாங்க, மதியத்துக்குள்ள பொண்ணு பொறந்துட்டா.

பொறந்ததோட செர்விக்ஸோட வேலை முடியல. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் புரொஜெஸ்டிரானும் ஈஸ்ட்ரோஜனும் ஒண்ணா இறங்குது, அந்த நேரத்துல இன்னும் நெறைய வெள்ளை அணுக்கள் செர்விக்ஸுக்குள்ள வந்து கலைஞ்சு கெடக்கற நாரைச் சுத்தம் பண்ணுது, புது கொலாஜன் வருது, திரும்பக் கயிறு திரிக்கற வேலை தொடங்குது. முதல் ரெண்டு மூணு நாள் தொளதொளன்னு விரல் போற அளவுக்கு இருக்கும், ஒரு வாரத்துல நல்லா சுருங்கிடும், முழுசா சரியாக இன்னும் சில வாரம். கெட்டித்தன்மை திரும்ப வந்துடும், வடிவம் மட்டும் பழையபடி வராது. குழந்தை பெறாத செர்விக்ஸோட வாய் ஒரு சின்ன வட்டப் புள்ளி மாதிரி இருக்கும். அந்த வழியா ஒரு குழந்தை வந்ததுக்கப்புறம் அது குறுக்குல ஒரு கோடா, லேசா மூடின உதடு மாதிரி ஆயிடும், அப்படியே இருந்துடும்.